நாலரை மணிப் படகு

மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே வீடு முழுக்கத் தேடுகிற என் வயதுக்காரர்களே, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். இப்போதைய பிள்ளைகளிடம் சொன்னால், ஒரு கேமை முடிக்க ஒரு விடுமுறையா, யாராவது முடித்துக்காட்டும் வீடியோவைப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்பார்கள். நமக்கு அந்த வசதி கிடையாது. மாட்டிக்கொண்டால் மாட்டிக்கொண்டதுதான். வீட்டில் இருக்கிற மூளைகளை வைத்தே ஒப்பேற்ற வேண்டும். எங்கள் வீட்டு மூளைகள் எப்படிப்பட்டவை என்பதை இனி நீங்களே பார்ப்பீர்கள்.

எனக்கு அப்போது பதினொரு வயது. ஃபேரர் பார்க்கில் பழைய அடுக்குமாடி ஒன்றில் இருந்தோம். வெளித்தாழ்வாரத்தில் நின்றால் கீழே யார் வீட்டு மீன்குழம்பு என்று மூக்கே சொல்லிவிடும். டிசம்பர் விடுமுறை, ஓயாத மழை. மூங்கில் கழிகளில் காயப்போட்ட துணி காயாமல் வீட்டுக்குள் வந்து, நாற்காலிகள் மேல் எல்லாம் அப்பாவின் பனியன்கள் உட்கார்ந்திருந்த காலம்.

அந்த விடுமுறை முடிவதற்குள் ஒரு திங்கட்கிழமை காலை அண்ணன் தேசிய சேவைக்குப் போக வேண்டும். ராணுவப் பயிற்சி கிழக்கே ஒரு தீவில். படகேறிப் போய்விட்டால் முதல் விடுப்பு வரைக்கும் வீட்டுப் பக்கம் தலைகாட்ட முடியாது. இந்த ஊரில் எல்லார் வீட்டுப் பையன்களும் போவதுதான். ஆனாலும் அம்மா அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. யாராவது "திங்கக்கெழம" என்று ஆரம்பித்தால், "புளி தீந்துபோச்சு" என்பாள். எங்கள் வீட்டில் அந்த மாதம் புளி எத்தனை முறை தீர்ந்தது என்று கணக்கே இல்லை.

அண்ணனுக்கு வேறு கவலை. அவனுடைய நண்பன் ஒரு கேம் குறுவட்டை இரவல் கொடுத்திருந்தான். போவதற்குள் அதை முடித்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வட்டின் ஓரத்தில் ஒரு கீறல். கணினிக்குள் தள்ளியதும் உள்ளே யாரோ அரிசி களைவது போலச் சத்தம் வரும், பிறகு கொஞ்சம் சூடான பிளாஸ்டிக் வாசம் வரும், அதன் பிறகுதான் படம் வரும். கணினி கூடத்தில் இருந்தது. அம்மா அதன் தலைக்குப் பூ வேலைப்பாடு போட்ட உறை ஒன்று தைத்திருந்தாள். விளையாடி முடித்ததும் உறையை மாட்டாவிட்டால் கணினிக்குச் சளி பிடித்துவிடும் என்ற அளவுக்குத் திட்டுவாள்.

கேம் இதுதான். ஒரு துப்பறிவாளர் பெட்டியோடு ஒரு தீவில் வந்து இறங்குவார். படகுத்துறைக் கடிகாரத்தில் மணி நாலரை. படகுக்காரர் தொப்பியைத் தூக்கி, பலகை ஈரமாக இருக்கிறது, பார்த்து வாருங்கள் ஐயா என்று இங்கிலீஷில் சொல்வார். பொழுது சாய்ந்ததும் கலங்கரை விளக்கை ஏற்றுவார்கள். கொஞ்ச நேரத்தில் யாரோ அதை அணைத்துவிடுவார்கள். தேவாலய மணி அடிக்கும், திரை வெள்ளையாகும். மறுபடி படகுத்துறை, மறுபடி நாலரை, மறுபடி ஈரப் பலகை. அணைத்தது யார் என்று கண்டுபிடிக்கும் வரை அந்தத் தீவுக்கு மறுநாளே கிடையாது. இதில் பெரிய வயிற்றெரிச்சல், ஓடியாடிச் சேர்த்துப் பெட்டிக்குள் போட்ட தடயம் எல்லாம் மணி அடித்தவுடன் காணாமல் போய்விடும். நமக்கு மிஞ்சுவது நம் ஞாபகம் மட்டும்தான்.

அண்ணன் விசைப்பலகையில், நான் பக்கத்தில் முக்காலியில். என் வேலை ஞாபகம் வைத்துக்கொள்வது. மருத்துவர் எப்போது மதுக்கடைக்குப் போவார், சமையல்காரர் எப்போது பின்வாசலில் நின்று சுருட்டுப் பிடிப்பார், பச்சைத் தொப்பி போட்ட சீமாட்டி எப்போது கடிதத்தைக் கிழிப்பாள், எல்லாம் எனக்கு அத்துப்படி. பெருக்கல் வாய்ப்பாட்டில் எட்டாம் வாய்ப்பாடு மட்டும் வராது.

அப்பா துறைமுகத்தில் ஷிப்டு வேலை பார்த்தார். வேலைக்குப் போகும்போது திரையில் படகுத்துறை தெரியும். வேலை முடிந்து வரும்போதும் அதே படகுத்துறைதான் தெரியும். நாங்கள் முன்னேறவே இல்லை என்று அவருக்குத் தோன்றியதில் தப்பில்லை. ஒருநாள் சட்டையைக் கூடக் கழற்றாமல் பின்னால் நின்று, இப்போது எந்த லெவல் என்று கேட்டார். லெவல் எல்லாம் இல்லை, அதே நாள்தான் திரும்பத் திரும்ப வரும் என்றான் அண்ணன். அப்பா அதை ஃபெயிலாகி அதே வகுப்பில் உட்காருவது என்று புரிந்துகொண்டார். பையன் ராணுவத்துக்குப் போவதற்குள் இதையாவது பாஸ் பண்ண வேண்டும் என்ற அக்கறையில், எனக்குக் கணக்கு சொல்லித்தர வந்த டியூஷன் சாரிடம், இந்த கேமுக்கும் சேர்த்துக் கொஞ்சம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். நம் ஊரில் எதற்குத்தான் டியூஷன் இல்லை. சார் மூக்கைச் சொறிந்துகொண்டு, அது பாடத்திட்டத்தில் இல்லையே என்றார். ஆனால் அன்றைக்கு எட்டாம் வாய்ப்பாட்டை என்னிடம் கேட்காமலே, பச்சைத் தொப்பியைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் போனார்.

அம்மா கதைக்குள் வந்தது கொசுமருந்துப் புகையால். டெங்கிக் காய்ச்சல் பயம் என்று எங்கள் அடுக்குமாடி புளோக்கில் புகையடிக்க வந்தார்கள். உங்களுக்கு நினைவிருக்கும், அந்த வெள்ளைப் புகையும் மண்ணெண்ணெய் வாசமும். சன்னல் கதவெல்லாம் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணி வைத்து, நாங்கள் நாலு பேரும் கூடத்தில் அடைந்துகிடந்தோம். வேறு வழியில்லாமல் அம்மா முதல்முறையாகத் தீவின் ஒரு நாளை முழுவதும் உட்கார்ந்து பார்த்தாள்.

பார்க்க ஆரம்பித்ததும் வாயை மூடவில்லை. வந்த வீட்டில் காலைக் கழுவாமல் நேரே சமையல்கட்டுக்குப் போகிறானே, இவனெல்லாம் என்ன துப்பறிவான் என்றாள். பச்சைத் தொப்பிக்காரிதான் திருடி என்று முதல் பார்வையிலேயே தீர்ப்பு எழுதினாள். காரணம் கேட்டதற்கு, அவள் நடையே சரியில்லை என்றாள். விளக்கு அணைந்து, மணி அடித்து, மறுபடி படகுத்துறை வந்தபோது அம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"கோயில் மணி அடிக்குது. அப்ப ஞாயித்துக்கெழம. கடியாரத்துல நாலரை. பாப்பா, காலண்டரப் பாரு. ஞாயித்துக்கெழம நாலரைக்கு என்ன?"

சிராங்கூன் ரோட்டு நகைக்கடை கொடுத்த தினசரி நாட்காட்டி சாமிப்படத்துக்குக் கீழே தொங்கியது. நான் பார்க்காமலேயே சொன்னேன். "ராகுகாலம்."

"ராகுகாலத்துல பெட்டியத் தூக்கிட்டு எறங்குனா விளங்குமா?"

"அம்மா, இது வெள்ளக்காரன் கேம்மா. அவனுக்கு ராகுகாலம் எல்லாம் இல்ல லா," என்றான் அண்ணன், எங்கள் ஊர் லாவையும் சேர்த்து.

"அதனாலதான் இப்படி மாட்டிக்கிட்டு நிக்கிறான்."

அப்பா அதற்கு மட்டும் தலையாட்டினார். இதற்குப் பரிகாரமும் அம்மாவே சொன்னாள். பரஸ்தானம் வைக்க வேண்டும். சில வீடுகளில் இன்னும் செய்கிறார்கள். கிளம்புகிற நேரம் சரியில்லை, நாளைத் தள்ளிப்போடவும் முடியாது என்றால், முன்கூட்டியே ஒரு நல்ல நேரத்தில் நம் பையைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவது. பை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பிய மாதிரி. அப்புறம் எப்போது போனாலும் ராகு ஒன்றும் செய்ய மாட்டார், ஏமாந்துபோவார். வைத்த பையை மறுபடி வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, போகும்போது அங்கிருந்தே எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

இதைக் கணினிக்குள் எப்படிச் செய்வது? அதற்கும் அங்கே ஆள் இருந்தாள். படகுத்துறைக்கு எதிர்வீட்டில் வலை பின்னுகிற கிழவி ஒருத்தி, போகும்போதெல்லாம், பெட்டி கனக்குமே, இங்கே வைத்துவிட்டுப் போகிறாயா என்று கேட்பாள். நாங்கள் ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்றுதான் சொல்லிவந்தோம். பூதக்கண்ணாடியும் கயிறும் சாவியும் அந்தப் பெட்டிக்குள்தானே இருக்கின்றன. பெட்டி இல்லாத துப்பறிவாளர் வெறும் தொப்பி போட்ட ஆள்.

"எவ்வளவு மரியாதையா கேக்குறா பாவம். குடுத்துட்டு வாடா," என்றாள் அம்மா.

புகை அடங்கவில்லை, சன்னலைத் திறக்க முடியாது, அம்மாவும் விடப்போவதில்லை. அண்ணன் கிடைத்த தடயங்களை எல்லாம் பெட்டிக்குள் போட்டு, மணி அடிப்பதற்கு முன்னால் கிழவியிடம் ஒப்படைத்தான். விளக்கு அணைந்தது. மணி அடித்தது. மறுபடி நாலரை. துப்பறிவாளர் இறங்கினார். கையில் பெட்டி இல்லை. அண்ணன் அவரை எதிர்வீட்டுக்கு ஓடவிட்டான். கிழவியின் கட்டிலடியில் பெட்டி இருந்தது. திறந்தால், கிழித்த கடிதம் முதல் சுருட்டுத் துண்டு வரை எல்லாம் அப்படியே இருந்தன.

அண்ணன் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்று அம்மாவைப் பார்த்தான். வாரக்கணக்கில் அவனும் அவன் நண்பர்கள் எல்லாரும் மண்டையை உடைத்துக்கொண்ட இடம் அது. அம்மா உடனே எழுந்து உலை வைக்கப் போய்விட்டாள். ஆனால் அன்று முதல் அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. தொடர்ந்து ஆலோசனைகள் வழங்கினாள். மருத்துவர் வீட்டுக்கு வடக்குப் பார்த்து நுழைய வேண்டும் என்றாள், ஒன்றும் நடக்கவில்லை. துப்பறிவாளரைத் தேவாலயத்தை மூன்று சுற்று சுற்றவைத்தாள், பாதிரியார்தான் சந்தேகப்பட்டார். ஒன்று பலித்ததற்காக மற்ற எல்லாவற்றையும் நாங்கள் சகித்துக்கொண்டோம்.

அண்ணன் போவதற்கு முந்தைய சனிக்கிழமை சாயங்காலம் கண்டுபிடித்துவிட்டோம். பச்சைத் தொப்பிக்காரி இல்லை, மருத்துவர் இல்லை, சமையல்காரர் இல்லை. விளக்கை அணைத்தது படகுக்காரர். ஒவ்வொரு முறையும் தொப்பியைத் தூக்கி நம்மை வரவேற்ற அதே மனிதர். கலங்கரை விளக்கு எரிந்தால் அன்று ராத்திரி பெரிய கப்பல் தீவுக்கு வரும். வந்தால் அவருடைய மகன் அதில் ஏறிக் கடலோடியாகப் போய்விடுவான். விளக்கு அணைந்தால் கப்பல் வராது, விடியாது, மகன் போகமாட்டான். அதற்காகத் தீவையே நிறுத்தி வைத்திருந்தார்.

நானும் அண்ணனும் குதித்தோம். அப்பா, "பாஸாயிட்டான்," என்று என் தோளில் தட்டினார். அண்ணன் விளக்கைக் காவல் காத்து எரியவிட்டான். கப்பல் வந்தது, மகன் ஏறினான், படகுக்காரர் துறையில் நின்று தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டார். சூரியன் உதித்தது. முடிந்தது என்று எழுத்து வந்தது.

அம்மா மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ்வளவுதானா? அந்தப் பையன் திரும்பி வந்தானா இல்லியான்னு காட்டவே இல்லியே."

அதெல்லாம் காட்டமாட்டார்கள், கேம் முடிந்துவிட்டது என்றான் அண்ணன். அம்மா எழுந்து வந்தாள். கணினிக்கு உறையை மாட்டினாள். பச்சைத் தொப்பிக்காரியைப் பிடிக்க முடியாத வருத்தம் என்றுதான் நான் நினைத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் நாட்காட்டியோடு வந்தாள். திங்கட்கிழமை கிழக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது. அண்ணன் போகிற தீவு கிழக்கே. புறப்படுகிற நேரம் ஏழரைக்கு மேல், ராகுகாலம். சூலமும் ராகுவும் ஒன்றாக வந்து நிற்கும்போது பரஸ்தானம் வைக்காமல் இருப்பதா என்றாள். அண்ணன் சிரித்தான், ஆனால் சரி என்றான். அவனுக்கு வழி திறந்துவிட்டதே பரஸ்தானம்தான்.

ஜிப் போன நீலநிறப் பை ஒன்று அவனுக்கு இருந்தது. வாயை ஊக்குகள்தான் மூடிவைத்திருந்தன. நல்ல நேரம் பார்த்து, விபூதி பூசி, அம்மா அதைத் தானே சுமந்து போய் எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் வைத்துவிட்டு வந்தாள். ஆன்ட்டியின் குடும்பம் யாழ்ப்பாணத்து வழி. அலுவலக வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், தனியாக இருந்தார். பேச்சும் நடையும் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும்.

திங்கட்கிழமை காலை. அம்மா இட்லியும் கோழிக்குழம்பும் பண்ணியிருந்தாள். அப்பா விடுப்பு எடுத்து, கீழே டாக்சியையும் நிறுத்தி வைத்திருந்தார். அண்ணன் சட்டைப்பை, கால்சட்டைப்பை, மேசை எல்லாம் தடவிப் பார்த்துவிட்டு ஐசி எங்கே என்று கேட்டான். அடையாள அட்டை இல்லாமல் போனால் உள்ளே சேர்க்கமாட்டார்கள், சேராவிட்டால் ஜெயில் என்பது உங்களுக்குத் தெரியும்.

"பையிலதான் இருக்கு. பேரு போட்ட சாமான் ஒண்ணு உள்ள இருந்தாத்தான் பரஸ்தானம் செல்லும்," என்றாள் அம்மா, இட்லியை வைத்துக்கொண்டே.

அப்பா எதிர்வீட்டு மணியை அழுத்தினார். பிறகு இரும்புக் கதவைத் தட்டினார். பிறகுதான் அதில் தொங்கிய பூட்டைப் பார்த்தார். ஆன்ட்டி வீட்டில் இல்லை. அப்பாவின் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்க முடியாது. ராணுவத்துக்கே போய், பை ராகுகாலத்துக்காக எதிர்வீட்டில் இருக்கிறது ஐயா என்று சொல்ல முடியுமா? ஆன்ட்டி எங்கே போயிருப்பார் என்று அம்மாவைக் கேட்டார். தெரியலையே, இன்னும் ரெண்டு இட்லி வைக்கவா என்றாள் அம்மா.

எனக்குத் தெரியும். அந்த விடுமுறை முழுவதும் நான் தாழ்வாரத்தில் நின்று எங்கள் மாடியையே அந்தத் தீவாக நினைத்துக் கவனித்துவந்தேன். எல்லாருக்கும் ஒரு சுற்று இருந்தது. கோடிவீட்டுக்காரர் காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு நாளெல்லாம் வீட்டிலேயே இருப்பார். ஆன்ட்டி திங்கட்கிழமைகளில் சக்கரம் வைத்த கூடையை இழுத்துக்கொண்டு போவார். முதலில் தேக்கா மார்க்கெட்டில் நண்டு, பிறகு வாசலில் பூக்கடை, அப்புறம் சுவா சூ காங்கில் இருக்கிற மகள் வீட்டுக்குப் பேருந்து. எனக்கு இது தெரியக் காரணம், திங்கட்கிழமை இரவுகளில் மிச்ச நண்டுக் கறி எங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் வரும்.

"அண்ணே, தேக்கா," என்றேன். வேறு எதுவும் விளக்கத் தேவைப்படவில்லை. ஒரு மாதமாக நான் சொன்ன இடத்துக்கு ஓடிப் பழகியவன் அவன்.

ரேஸ் கோர்ஸ் ரோடு வழியே மழையில் ஓடினோம். மீன்கடைக்காரர், ஆன்ட்டி இப்போதுதான் போனார் என்றார். பூக்காரம்மாள் கையை நீட்டிப் பேருந்து நிறுத்தத்தைக் காட்டினார். நாங்கள் போய்ச் சேரும்போது பேருந்து கதவைச் சாத்திக்கொண்டு நகர்ந்துவிட்டது, சன்னலோரம் ஆன்ட்டி. அண்ணன் தேங்கிய தண்ணீரில் மிதித்துக்கொண்டு கூடவே ஓடிக் கண்ணாடியைத் தட்டினான். அவனுடைய முதல் ராணுவப் பயிற்சி சிராங்கூன் ரோட்டில்தான் நடந்தது. ஓட்டுநருக்கு இரக்கம் வந்து நிறுத்தினார். ஆன்ட்டி கூடையோடு இறங்கினார். கூடைக்குள் நண்டுகள் ஒன்றையொன்று சுரண்டும் சத்தம் கேட்டது. அவர் மூச்சுவாங்கும் அண்ணனைப் பார்த்து, "ஏன் பிள்ளை, அம்மா..." என்று ஆரம்பித்து, என்னவோ யோசித்து, நிறுத்திக்கொண்டார்.

வீட்டு வாசலில் அம்மா நின்றாள். ஆன்ட்டி பூட்டைத் திறந்து, பையை எடுத்து, அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். அம்மா கூடையைப் பார்த்து, நண்டு இன்றைக்கு நல்ல சதையா என்று கேட்டாள்.

நேரமில்லாததால் ஆன்ட்டி, நண்டு, எல்லாரும் டாக்சியில் ஏறினோம். நான் அம்மா மடியில். வழியெல்லாம் அப்பா அம்மாவைத் திட்டிக்கொண்டே வந்தார், அம்மா என் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். படகுத்துறைக்குக் கடைசி ஆளாகத்தான் போய்ச் சேர்ந்தான் அண்ணன், ஆனால் சேர்ந்துவிட்டான். மழை தூறிக்கொண்டிருந்தது. பையன்கள் வரிசையாகப் படகேறினார்கள். சுற்றி எல்லா அம்மாக்களும் அழுதுகொண்டிருந்தார்கள். எங்கள் அம்மா அழவில்லை. அண்ணனின் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள்.

"பலகை ஈரமா இருக்கு தம்பி. பாத்துப் போ."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்து, அது பாதியில் வேறு எதுவாகவோ மாறிவிட்டது. வேகமாகத் திரும்பி நடந்தான். படகு போன பிறகு அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். ஜலதோஷம் என்றாள். ஒருவேளை நண்டு வாடையாக இருக்கும் என்றார் அப்பா.

முதல் விடுப்பில் மொட்டைத்தலையும் கருத்த முகமுமாக வந்து, சாப்பிட்டு, கூடத்திலேயே தரையில் படுத்துத் தூங்கிப்போனான். அம்மா என்னை அழைத்துக் காட்டினாள். "பாத்தியா, வந்துட்டான்." ஆமாம், அதற்கென்ன என்று நினைத்தேன். எந்தக் கேள்விக்கு அது பதில் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கணினியைக் காரங்குனிக்காரரிடம், அதுதான் பழைய சாமான் எடுக்க வருகிறவரிடம், எப்போது போட்டோம் என்று நினைவில்லை. பூ வேலைப்பாட்டு உறை பிறகு மிக்சிக்குப் போனது, அங்கிருந்து எங்கே போனது என்று தெரியவில்லை. வட்டைத் திருப்பிக் கொடுத்தோமா என்று அண்ணனுக்கும் ஞாபகம் இல்லை. அந்த ராகுகாலக் கதையை மட்டும் எங்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றிலும் சொல்லிச் சிரித்தோம். அம்மாவின் மூடநம்பிக்கையால் அண்ணன் ஜெயிலுக்குப் போகப் பார்த்தான் என்று அப்பா முடிப்பார். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அம்மா போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு எதிர்வீட்டு ஆன்ட்டி சக்கர நாற்காலியில் வந்திருந்தார். புடவை மடிப்பு இப்போதும் கலையவில்லை. நான் காபி கொண்டுபோய்க் கொடுத்து, பேச்சுக்கு அந்த நண்டுக் கதையை எடுத்தேன். அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் ஞாயிற்றுக்கிழமையே சொன்னனான் பிள்ளை. திங்கக்கிழமை விடிய நான் மகள் வீட்டுக்குப் போயிடுவன், வீடு பூட்டியிருக்கும் எண்டு. தெரியும், பரவாயில்லை, வையுங்கோ எண்டு சொன்னவ உங்கட அம்மா."

அந்தத் தீவில் வேலைபார்த்த என் மூளை பல வருடத்துக்குப் பிறகு மறுபடி ஓடியது. திங்கட்கிழமை நண்டுக் கறியைக் கிண்ணத்தில் வாங்கி வைத்ததே அம்மாதான், ஆன்ட்டி எங்கே போய்வருகிறார் என்று அவளுக்கா தெரியாது? நாளெல்லாம் வீட்டில் இருக்கிற கோடிவீட்டுக்காரரை விட்டுவிட்டு இங்கே ஏன் வைத்தாள்? பேர் போட்ட சாமான் பைக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு விதியை, விசாரித்தால், பரஸ்தானம் வைக்கிற யாருமே கேள்விப்பட்டதில்லை. பச்சைத் தொப்பி, மருத்துவர் என்று ஊரெல்லாம் தேடிய நான், தினம் எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தவளைச் சந்தேகப்படவே இல்லை. விளக்கை அணைத்தவள் என் அம்மா. ஒரு திங்கட்கிழமை மட்டும் விடியாமல் இருந்தால் போதும் என்று நினைத்திருக்கிறாள். அதைக் கெடுத்தவள் நான். அன்று காரியம் நடந்த வீட்டில் நான் சிரித்ததையும் அழுததையும் பார்த்து உறவினர்கள் பயந்துபோனார்கள்.

அண்ணனிடம் சொன்னேன். நன்றாகச் சிரித்தான். அவள் மேல் கோபமே வரவில்லை, இன்னும் ஒருமுறை கட்டிப்பிடித்துக்கொள்ளத்தான் தோன்றுகிறது என்றான். எனக்கும் அப்படித்தான்.

இப்போது நான் கிளமெண்டியில் இருக்கிறேன், அண்ணன் சுவா சூ காங்கில். போன வாரம் தொலைபேசியில் அழைத்தான். அவன் மகனுக்குத் தேசிய சேவை வந்துவிட்டது. அதுவும் திங்கட்கிழமை, அதுவும் காலையில். ராகு, சூலம் எல்லாவற்றையும் பள்ளி நாளிலேயே கிண்டலடித்தவன் அவன், வீட்டில் ஒரு நாட்காட்டிகூட வைத்ததில்லை. தொண்டையைச் செருமினான்.

"பையன் பை ஒண்ணு இருக்கு. ஞாயித்துக்கெழம காலையில உன் வீட்ல வெச்சிட்டுப் போறேன்."

"சரி அண்ணே."

"ஐசியும் உள்ள இருக்கும்."

"சரி."

அண்ணன் மறுபடி ஆரம்பித்தான். "நீ திங்கக்கெழம காலையில மார்க்கெட்டுக்குப் போவ, இல்ல?"

நான் போவது வழக்கம்தான். அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"இந்த வாரம் போகல. கதவத் தொறந்தே வெச்சிருப்பேன்," என்றேன். "மழையா இருக்கு. பலகை ஈரமா இருக்கும், பையனப் பாத்துப் போகச் சொல்லு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சைனஸ் லா என்றான்.